பெரியண்ணையின் கோட்டும் இன்காக்களின் களஞ்சியமும்

டெனிஷ் மொழியில் பல்வலிக்கு என்ன சொல் என்று தெரிவதற்கு முன்பே எனக்குக் களஞ்சியத்துக்கும் சிற்றரசனுக்கும் கீழ்ப்படிதலுக்கும் சொற்கள் தெரிந்திருந்தன. கடையில் மிளகாய்த்தூள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்கத் தெரியாது. ஆனால் தன்னைச் சூரியனின் மகன் என்று சொல்லிக்கொண்ட ஒரு ராசா, மலைகளுக்கு அப்பால் கிடந்த சனங்களை எப்படி அடக்கி ஆண்டான் என்று ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

எண்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம், நானும் அண்ணனும் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ஸ்டேஷனில் வந்து இறங்கினோம். எனக்கு இருபத்திரண்டு வயது. மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது யாரோ கொடுத்த மெல்லிய சுவெட்டர் ஒன்றுதான் மேலில் இருந்தது. மேடையில் தொப்பி போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவரை நாங்கள் முன்பின் கண்டதில்லை. நாங்கள் வரும் செய்தி அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கையில் ஒரு கம்பளிக் கோட்டு, கருஞ்சிவப்பு நிறம், பெரிய பெரிய பொத்தான்கள்.

"முதல் இதைப் போடும், பிள்ளை. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. நாடு விட்டு வந்த பிறகு, குளிருகிறதா என்று கூடக் கேட்காமல் குளிரைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். கப்பல் வேலையில் வந்து எங்கள் எல்லோருக்கும் முன்னரே அந்த ஊரில் தங்கிவிட்டவர். டெனிஷ் சரளமாகப் பேசுவார். ஊரில் இருந்த தமிழர் எல்லோரும் அவரைப் பெரியண்ணை என்றுதான் அழைத்தோம். வீடு, வேலை, டாக்டர், கொம்மூன் அலுவலகம், எதற்குப் போவதென்றாலும் அவர் கூட வருவார். கொம்மூன் என்பது நகரசபை மாதிரி. அகதிகளாக வந்தவர்களுக்கு அப்பனும் ஆத்தாளும் அதுதான். அதற்குப் பெரியண்ணை வாயும் காதும்.

ஒருவரிடமும் அவர் ஒரு சதம் வாங்கியதில்லை. அதை அவரே அடிக்கடி சொல்வார், நாங்களும் சொல்வோம். ஆனால் சனிக்கிழமை என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு சனியும் அவர் வீட்டு நிலவறையில் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, ஆண்களுக்குப் பியர். சமையலறைச் சுவரில் தொங்கிய கலண்டரில் யார் யாருடைய முறை என்று எழுதியிருக்கும். வேலிக்குப் பெயின்ட் அடிக்க இன்னார், வாசல் பனி தள்ள இன்னார், இறைச்சி வெட்ட இன்னார், பெண்களில் மா அவிக்க இன்னார். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. வராதவனைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள். அடுத்த தடவை அவனுக்குக் கொம்மூனில் ஒரு அலுவல் வரும்போது, பெரியண்ணைக்கு அன்றைக்கு நேரம் இருக்காது. அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அவர்தான் எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பிடித்துத் தந்தார். அங்கேதான் என் ஆசை பிறந்தது. படுக்கையில் கிடந்த கிழவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பாசை தெரியாமலே எனக்கு அவர்களின் நோவு விளங்கியது. இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா ஒரு நாள் என்னை மறித்து, ஒடென்சே நகரத்தில் நோயாளரைப் பராமரிக்கும் படிப்பு ஒன்று இருக்கிறது, நீ அதற்குப் போகவேண்டிய பெண், கொம்மூன் சம்மதித்தால் போதும் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னார். அன்று நான் சைக்கிளில் வீடு வரவில்லை, பறந்து வந்தேன். எனக்கென்று ஒரு தொழில். ஒடென்சேயில் எனக்கென்று ஓர் அறை, அதைப் பூட்ட ஒரு திறப்பு.

கொம்மூனுக்குப் பெரியண்ணையோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட பெண் அலுவலர். நான் தமிழில் என் ஆசையைச் சொன்னேன். பெரியண்ணை நீளமாகப் பேசினார். அந்தப் பேச்சில் 'குல்தூர்' என்று ஒரு சொல் நாலு தரம் வந்தது. அலுவலர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், பிறகு பரிவோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், மடைச்சி. வெளியே வந்ததும் பெரியண்ணை கையுறையைப் போட்டபடி, "இப்ப சரிவராதாம், பிள்ளை. உமக்குப் பாசை காணாதாம்" என்றார்.

பாசைதானே காணாது, அதை நான் படித்துவிடுகிறேன் என்று நினைத்தேன். மொழிப் பள்ளியில் அந்த மாதம் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு விஷயம் பற்றி வகுப்பில் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் ஆசிரியை கொம்மூனுக்குக் கடிதம் தருவார். நான் நகர நூலகத்துக்குப் போய், சிறுபிள்ளைகளின் தட்டில் எழுத்துப் பெரிதாகவும் படங்கள் நிறையவும் இருந்த ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தேன். தென்னமெரிக்க மலைகளை முன்பு ஆண்ட இன்காக்களைப் பற்றியது. அது எந்தக் கண்டம் என்று கூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. அட்டையில் தங்கச் சூரியன் இருந்தது, அதுதான் காரணம்.

மூன்று வாரம், வேலை முடிந்து பின்னேரங்களில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சொல்லுக்குச் சொல் தேடிப் படிக்கும்போது ஒரு விஷயம் மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். இறங்கியதும் போகாது.

இன்கா ராசா ஒரு புது ஊரைப் பிடிக்கப் போகும்போது முதலில் படையை அனுப்புவதில்லையாம். துணி அனுப்புவானாம். அருமையான நெசவுத் துணி. அந்த ஊர்த் தலைவன் அதை வாங்கி உடுத்திக்கொண்டால், அவன் தொடர்ந்து தலைவனாகவே இருக்கலாம். அதே சனம், அதே கோயில். ஆனால் இனி அவன் ராசாவின் ஆள். வாங்க மறுத்தால்தான் படை வரும். இந்த இடத்தை நான் இரண்டு தரம் படித்தேன். கோட்டு என் கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே காசு கிடையாது. காசாக வரியும் கிடையாது. முறை இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் முறைக்கு ராசாவின் வயலில் உழைக்க வேண்டும், பாதை வெட்ட வேண்டும், பாலம் பின்ன வேண்டும். உழைத்தவர்களுக்கு ராசா விருந்து வைப்பான், சோளக் கள்ளு வார்ப்பான். சனம் குடித்துவிட்டு, ராசா எவ்வளவு பெரிய மனம் படைத்தவன் என்று பாடும். அந்தச் சோளம் யார் வயலில் யார் விதைத்தது என்று எவனும் கேட்கவில்லை. மலைச் சரிவுகளில் வரிசை வரிசையாகக் களஞ்சியங்கள். அதில் அடுக்கியிருந்த துணியும் சனம் நெய்ததுதான். சனம் நெய்து கொடுக்கும், அது உள்ளே போய், ராசாவின் பரிசாக வெளியே வரும்.

தலைவர்களின் பிள்ளைகளைத் தலைநகருக்குக் கூப்பிட்டுப் படிப்பிப்பார்களாம். அது மரியாதை. தகப்பன் தலையைத் தூக்கினால் பிள்ளை அங்கே இருக்கிறான் என்பது அந்த மரியாதையின் மறுபக்கம். குழப்பம் செய்யக்கூடிய சனத்தைக் கூட்டத்தோடு பெயர்த்துத் தூர இடத்தில் குடியேற்றிவிடுவார்கள். போன இடத்தில் அவர்கள் தங்கள் ஊர்த் தலைப்பாகையைத்தான் கட்ட வேண்டும்; இவர்கள் இன்னார் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். எவ்வளவு பெரிய பிரபுவானாலும் ராசா முன் வரும்போது செருப்பைக் கழற்றி, முதுகில் ஒரு சுமையை ஏற்றிக்கொண்டுதான் வருவான்.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்து உலுக்கியது செத்த ராசாக்கள். செத்த ராசாவைப் புதைப்பதில்லை. பதப்படுத்தி, உடுப்பு மாற்றி, விருந்துக்குத் தூக்கிக்கொண்டுவந்து இருத்துவார்கள். அவன் சொத்து அவனுடையதாகவே இருக்கும். அவன் உறவினர் அதை ஆண்டு அனுபவிப்பார்கள். அவனுக்காகப் பேசுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ராசாவுக்குத் தாகமாக இருக்கிறதாம், ராசாவுக்கு இந்தக் கலியாணம் பிடிக்கவில்லையாம் என்று அவர்கள் சொல்வார்கள். பிணம் மறுத்துப் பேசுமா? நூலகக் கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொம்மூன் மேசைக்கு முன்னால் சிரித்தபடி இருந்த என்னை நினைத்தேன். காது சுட்டது.

வகுப்பில் பேசினேன். பிழைகளோடுதான், ஆனால் நிறுத்தாமல். ஆசிரியை நல்ல மனுசி, ஊர்வலங்களுக்குப் போகிறவர், எங்கள் மேல் உண்மையான அன்பு கொண்டவர். கைதட்டிவிட்டு மற்றவர்களுக்கு விளக்கினார். பாருங்கள், இன்காக்களிடம் காசு இல்லை, ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை, விதவைக்கும் கிழவருக்கும் களஞ்சியத்தில் இருந்து சாப்பாடு போனது, எவ்வளவு அழகான சமுதாயம் என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. சாப்பாடு இருந்தது, களஞ்சியத்தின் திறப்பு யாருடைய இடுப்பில் இருந்தது என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. நாடு விட்டு ஓடிவந்து எங்கள் களஞ்சியத்தில் சாப்பிடுகிற பெண் இப்படிக் கேட்கிறாளே என்று நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

ஆனாலும் கடிதம் தந்தார். வகுப்பு முடிந்து நான் கோட்டைப் போட்டபோது கிட்ட வந்து அதன் உள்துணியைப் புரட்டிப் பார்த்தார். தோளுக்குக் கீழே பச்சை நூலால் தைத்த ஒரு கிழிசல் இருந்தது. இது என் தங்கச்சியின் கோட்டு, நான்தான் தைத்தேன், தேவாலயத்தில் அகதிகளுக்கு உடுப்புச் சேர்த்தபோது கொடுத்தோம், உனக்குக் கிடைத்தது எவ்வளவு சந்தோசம் என்று என் தோளைத் தட்டினார். ஊரில் எங்கள் ஆட்கள் போட்டிருந்த அத்தனை கோட்டுகளையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாம் பெரியண்ணை தந்தவை.

அடுத்த கிழமை முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா என்னிடம் மனவருத்தத்தோடு கேட்டார். ஏன் நீ படிப்பு வேண்டாம் என்று சொன்னாய்? நான் சொன்னேனா? அவர் கொம்மூனுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருக்கிறார். கலியாணம் ஆகாத பெண்கள் வேற்று ஆண்களின் உடம்பைத் தொடுவது தமிழரின் பண்பாட்டில் இல்லை, குடும்பத்துக்கும் விருப்பமில்லை, அந்தப் பெண்ணே தயங்குகிறாள் என்று அங்கே எழுதி வைத்திருந்தார்களாம். குல்தூர். நாலு தரம் வந்த சொல்லுக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது. அந்த நேரம் என் கையில், ஒரு கிழவரின் கட்டிலில் இருந்து உரித்தெடுத்த மூத்திர விரிப்பு இருந்தது. இந்த வேலையைப் பிடித்துத் தந்தவர் அதே மனிதர். விரிப்பைத் தொடலாம், ஆளைத் தொடக்கூடாது. தொட்டால் நான் ஒடென்சேக்குப் போய்விடுவேன், சனிக்கிழமைக்கு மா அவிக்க ஓர் ஆள் குறையும்.

பெரியண்ணை மீது எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த அலுவலர் மீதும் வந்தது. பக்கத்தில் உயிரோடு இருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஐம்பது பேரோடு தனித்தனியாக மல்லுக்கட்டுவதை விட ஒருவரோடு பேசுவது லேசு. இன்கா ராசாவுக்கும் அது லேசாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது, என் மேல். அவனுடைய தொழிற்சாலை வேலை பெரியண்ணை பிடித்துக் கொடுத்தது. "அந்த மனுசன் இல்லாட்டி நாங்கள் இஞ்சை ஆர்? நீ போயிடுவாய். அவரின்ரை முகத்திலை முழிக்கிறது நான்" என்றான். தலைநகரில் வைத்திருந்த பிள்ளை யார் என்று எனக்கு அப்போது விளங்கியது. பாவம், அவனுக்கு அது விளங்கவில்லை.

நான் யாருக்கும் சொல்லாமல், ஆசிரியையின் கடிதத்தோடு கொம்மூனுக்குத் தனியே போனேன். அதே கண்ணாடிப் பெண். மொழிபெயர்ப்பாளர் எங்கே என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் கதிரையில் இருந்தேன். விண்ணப்பம், தகுதி, அனுமதி, இவற்றுக்கெல்லாம் எனக்கு டெனிஷில் ஒரு சொல்லும் தெரியாது. தெரிந்த சொற்களைத்தான் பேச முடியும். அந்த மனிதர் என்னுடைய சிற்றரசர் அல்ல என்றேன். நான் அவருடைய குடி அல்ல. நான் செத்த ராசா அல்ல. எனக்கு வாய் இருக்கிறது, என் வாய்க்கு ஒடென்சே வேண்டும்.

அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கோப்பை எடுத்துத் திறந்து, அதில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டினார். பிறகு ஒவ்வொரு கேள்வியாக என்னிடமே கேட்டார். விளங்காததை இரண்டு தரம், மூன்று தரம் கேட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. தையில் இடம் கிடைத்தது.

போவதற்கு முந்திய சனிக்கிழமை பெரியண்ணை வீட்டு நிலவறைக்கு இறங்கினேன். முதுகில் சுமையும் இல்லை, கையில் மாப்பையும் இல்லை. கோட்டைக் கழற்றி அவருக்கு முன்னால் கதிரையில் வைத்தேன். இது ஆர் குடுத்த கோட்டெண்டு எனக்குத் தெரியும் என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் நானும் கத்துவதற்கு ஆயத்தமாக வந்திருந்தேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளியிலை சரியான குளிர், பிள்ளை. கோபத்தை வைச்சிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு போம்" என்றார்.

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாமல் இருக்கிறது. அந்த மனிதருக்கு என் மேல் உண்மையாகவே இரக்கம் இருந்தது. நான் மேலே ஏறினேன். அண்ணன் மூலையில் இருந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான், அவனுடைய முறை. நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவெட்டரோடு வீடு வரை நடந்தேன், பல்லுக் கிட்டியது.

இதோடு கதையை முடித்தால் எனக்கு நல்ல பெயர். பிள்ளைகளுக்கு இதுவரைதான் சொல்லியிருக்கிறேன்.

ஒடென்சேயில் படித்தேன், பயிற்சியில் கிழவர்களைக் குளிப்பாட்டினேன், எனக்குப் பிடித்த நீல நிறத்தில் ஒரு கோட்டு வாங்கினேன். அடுத்த குளிர்காலம் அந்தக் கண்ணாடி அலுவலர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெண்கள் சிலர் புதிதாக வருகிறார்கள், அவர்களுக்காகப் பேச ஆண் ஒருவர் வேண்டாம் என்று யோசித்தோம், உன் நினைவுதான் வந்தது, நீ வருவாயா? எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். உடனே யா, வருகிறேன் என்றேன்.

ஹோர்சன்சுக்கு ரயிலில் போனேன். கையில் ஒரு பையில், எனக்குச் சிறிதாகிப்போன ஜாக்கெட் ஒன்று இருந்தது. கொம்மூனுக்கு வந்திருந்தது பத்தொன்பது வயசுப் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பக்கம், தனியே வந்தவள். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஜாக்கெட்டைப் போட்டுவிட்டேன். அவள் கண் கலங்கியது, எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அலுவலர் என்னைப் பார்த்துக் கேட்டார். இவளை ஹோர்சன்ஸில் விடலாம், அல்லது விபோர்க் என்ற ஊரில் ஓர் இடம் இருக்கிறது, எது நல்லது? ஹோர்சன்ஸ்தான் என்று நான் உடனே சொன்னேன். தனிப் பிள்ளை, நானும் வந்து பார்த்துக்கொள்ளலாம், எங்கள் பெண்களுக்குத் தெரிந்த ஆட்கள் அருகில் இருப்பதுதான் வழக்கம். அலுவலர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, எழுதிக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, அவ என்ன கேட்டவ அக்கா என்றாள். சொன்னேன். அவள் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விபோர்க்கிலை என்னோடை படிச்சவள் இருக்கிறாள், அக்கா. என்னட்டை ஒருக்கா கேட்டிருக்கலாம்."

என்ன சொல்கிறாள் என்று அலுவலர் கேட்டார். அவளிடம் இல்லை, என்னிடம். ஒன்றுமில்லை, குளிருகிறதாம் என்று சொல்லிவிடலாம். அது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடைசியில் உண்மையைச் சொன்னேன், எழுதியதை அவர் வெட்டினார், அந்தப் பிள்ளை விபோர்க்குக்குப் போனாள். ஆனால் சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடமும் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.